கவிழ்த்து வைத்த கூடை

ஜனவரி 9, 1962

இந்த டயறி போன வருடத்தது. முஹம்மது தம்பி கடையில் மிஞ்சிக் கிடந்ததைப் பூரணம் சும்மா கேட்டு வாங்கி வந்தாள். அச்சடித்த கிழமை ஒன்றும் பொருந்தாது. தேதி பொருந்துகிறது. வீட்டில் சும்மா இருக்கிறவனுக்குக் கிழமை எதற்கு?

கதைக்க மூச்சு வேண்டும். எழுதுவதற்கு அவ்வளவு வேண்டாம். டொக்டர் கதையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். பூரணம் இதைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்கிறாள். அவளுக்குப் பட்டம் இல்லாததால் நான் கேட்கவில்லை.

மழை விடவில்லை. குசினியில் ஈர விறகு புகைகிறது. நான் வாசலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறேன். கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றுகிற யார்டும் இங்கிருந்து தெரியும். உலகச் சண்டைக் காலத்தில் கரிக்கூடை தூக்கப் போனவன், போன நவம்பர் வரைக்கும் தூக்கினேன். பிறகு ஒருநாள் கப்பலுக்குப் போட்ட பலகையின் நடுவில் நின்றுவிட்டேன். முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் வர ஏலாது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஓவர்சியர் மரியாதையாகத்தான் சொன்னார்.

பின்னேரம் யூனியன் காரியதரிசி ஆனந்தராசா வந்தார். சின்ன வயது. கொழும்புக்குச் சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர், ஆனால் படித்த பாதி நன்றாக ஞாபகத்தில் இருக்கிறது. வேலையால் வந்த நோய் வருத்தத்துக்குக் கம்பனி மாதாமாதம் நட்டஈடு தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். கரித்தூசியால் நெஞ்சு கெட்டவன் எவனும் எங்கள் யார்டில் இதுவரை கேட்கவில்லையாம்.

"நீங்கள்தான் முதல் ஆள், பாக்கியண்ணை. நீங்கள் வெண்டால் மற்றவைக்கும் வழி திறக்கும்."

தோற்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. மூச்சை மிச்சம் பிடித்தேன்.

ஜனவரி 17

கம்பனி பதில் சொல்லிவிட்டதாம். வேலையை விட்ட நாள்வரைக்கும் பாக்கியரத்தினம் மற்றவர்களைப் போலவே நிறைந்த கூடை சுமந்தான், ஓவர்சியர் தன் கண்ணால் கண்டார், அப்படிச் சுமந்தவனை வேலைக்கு ஏலாதவன் என்று எப்படிச் சொல்வது? இதுதான் பதில்.

ஓவர்சியர் பொய் சொல்லவில்லை. வில்லங்கமே அதில்தான் இருக்கிறது.

எங்கள் கேங்கில் ஒரு வழக்கம். ஒருவனுக்குச் சுமக்க ஏலாமல் போனால் மற்றவர்கள் அவனுடைய பங்கை எடுப்பார்கள். அவன் பெயர் வெட்டுப்படக்கூடாது. அவனுடைய கூடைக்குள் ஒரு சின்னக் கூடையைக் கவிழ்த்து வைத்து, மேலே கரியைப் பரப்பிவிடுவார்கள். கப்பல் தட்டில் நிற்கிற ஓவர்சியருக்கு மேலேயிருந்து பார்க்க நிறைந்த கூடை. கொட்டுகிற இடத்தில் ஒருவன் நின்று சின்னக் கூடையைப் பிடித்துக்கொள்வான். மற்றவர்களின் கூடைகள் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குவிந்திருக்கும். ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

கடைசி இரண்டு வருடமும் நான் சுமந்தது அந்தக் கூடையைத்தான். என் பங்கில் பெரும்பகுதி அலியாரின் தோளில் போனது. அலியார் துறைக்கு அந்தப் பக்கத்துக் கிண்ணியாக்காரன். பலகையில் எனக்குப் பின்னால் நடப்பவன். கப்பலின் அடித்தட்டுக்குள் இறங்கிக் கரியைச் சமப்படுத்துகிற முறை எனக்கு வந்தாலும் அவன்தான் இறங்குவான். தூசி அங்கேதான் அதிகம். ஏறி வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் அலியார், மற்றதெல்லாம் கரி.

ஆனந்தராசாவிடம் இந்தக் கூடைக் கதையைச் சொன்னேன். இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லை என்றேன்.

ஜனவரி 18

கம்பனியின் பதிலை அலியாரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு இருமினான்.

பெப்ரவரி 4

நட்டஈட்டுக்காக அரசாங்கத்துப் பெரிய டொக்டர் என்னைச் சோதிக்கும் நாள் குறித்து வந்துவிட்டது. இருபதாம் தேதி. எக்ஸ்றே படத்தில் தூசி இருப்பதை ஒருவரும் மறுக்கவில்லையாம். தூசி இருந்தாலும் வேலை செய்யலாமா என்பதுதான் கேள்வியாம். அதை டொக்டர் ஆளைப் பார்த்துத் தீர்மானிப்பாராம்.

ஆளைப் பார்ப்பார் என்று கேட்டதும் பூரணம் என் வெள்ளைச் சேட்டை எடுத்துத் தோய்த்துக் கஞ்சி போட்டாள்.

பெப்ரவரி 19

ஒரு கிழமையாக, ஏழு நாளும், எனக்கு இராச உபசாரம். காலையில் கொத்தமல்லித் தண்ணி, மாலையில் நொச்சி இலை போட்டு ஆவி, படுக்கும்போது நெஞ்சுக்கு எண்ணெய். வாசலில் இருந்து எழும்பவே விடவில்லை. மூச்சு கொஞ்சம் இலேசாகத்தான் இருக்கிறது. பெரிய டொக்டருக்கு முன்னால் இருமி அவமானப்படக்கூடாது என்பது பூரணத்தின் கவலை. எனக்கும் அதே கவலைதான், பொய் சொல்லவா?

பெப்ரவரி 20

நெஞ்சு வருத்தக்காரரைச் சோதிக்கும் டொக்டரை ஆஸ்பத்திரி மேல்மாடியில் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். கீழே காற்றோட்டம் காணாதாம்.

பழைய கட்டிடம், செங்குத்தான மரப்படி. நான் அண்ணாந்து பார்த்ததை அலியாரும் முனாப்பும் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். முனாப் எங்கள் கேங்கில் இளையவன், வாய் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. கீழே கிடந்த ஒரு கதிரையில் என்னை இருத்தினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள், கரிக்கூடை ஏற்றுகிற அதே தாளத்தில் மேலே கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் நோன்பு. தண்ணி குடியாத வாயோடு என்னைத் தூக்கினார்கள். நான் சந்தனம் பூசி, தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி இருந்தேன். கதவடியில் என்னை இறக்கி, சேட்டை இழுத்துவிட்டு, அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

டொக்டர் நல்ல மனிதர். எழும்பி நின்று வரவேற்றார்.

"எப்பிடிச் சுகம்?"

"உங்கட புண்ணியத்தில சுகம், ஐயா."

வேறு என்ன சொல்வது? அப்படிக் கேட்டால் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். எழுதிக்கொண்டார். படியேறக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அதுவும் உண்மை. எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார், மூச்சை இழுக்கச் சொன்னார். ஒரு கிழமை ஆவி பிடித்த நெஞ்சு, சொன்னபடி கேட்டது.

வெளியே வந்து எல்லாம் நன்றாகப் போனது என்று சொன்னேன். அலியார் என் முதுகைத் தட்டினான்.

மார்ச் 2

இலேசான வேலை செய்யத் தகுதியானவர் என்று முடிவாம். மேல்மாடிக்குச் சிரமமின்றி ஏறி வந்தார், பேசும்போது இளைக்கவில்லை, தானே சுகம் என்று சொன்னார் என்று டொக்டர் எழுதியிருக்கிறார்.

ஆனந்தராசா இன்றைக்குத்தான் எனக்கு முன்னால் சத்தம் போட்டார். கலியாணத்துக்கா போனீர்கள், சந்தனம் எதற்கு, ஆவி எதற்கு, வருத்தக்காரன் வருத்தக்காரனாகப் போகவேண்டாமா என்று கேட்டார். பூரணம் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு குசினிக்குள் போய் இருந்து அழுதாள். புகை என்று சொன்னாள். அடுப்பு மூட்டியிருக்கவே இல்லை.

எனக்குக் கோபம். ஆரோடை எண்டு தெரியேல்லை. டொக்டரோடையா? அந்த மனுசன் கண்டதைத்தானே எழுதினது. பூரணத்தோடையா? அவள் செய்ததெல்லாம் எனக்காகத்தானே. தூக்கிக்கொண்டு போனவங்களோடையா? வாயைத் திறந்து ஏலாது எண்டு சொல்லியிருந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும் எனக்கு? ஏலாது. ஏலாது. ஏலாது. இப்ப எழுத எவ்வளவு லேசாய் வருது.

மார்ச் 3

ஆனந்தராசா மன்னிப்புக் கேட்க வந்தார். மேல்முறையீடு இருக்கிறதாம். முதலில் அரசாங்கக் கச்சேரியில் அதிகாரிக்கு முன்னால் விசாரணை, பிறகு திரும்பவும் ஒரு சோதனை. விசாரணையில் கூடைக் கதையைக் கேங்கில் ஒருவன் வந்து சொல்லவேண்டும். நானே சொன்னால் எடுக்கமாட்டார்கள்.

மார்ச் 9

நேற்று நோன்புப் பெருநாள். அலியாரும் அவன் பெண்சாதி றம்ஸியாவும் துறை கடந்து வட்டிலப்பம் கொண்டுவந்தார்கள். அலியார் புதுச் சாரம் உடுத்திருந்தான். பூரணம் அவர்களைச் சாப்பிட வைத்துத்தான் விட்டாள்.

குசினியில் றம்ஸியா பூரணத்திடம் சொன்னதைப் பூரணம் பிறகு என்னிடம் சொன்னாள். அவர் இப்போது படுத்து நித்திரை கொள்வதில்லை, தலையணையை அடுக்கிச் சாய்ந்து இருக்கிறார் என்றாளாம். கேட்டால் முதுகுப் பிடிப்பு என்கிறாராம்.

நானும் முதலில் முதுகுப் பிடிப்பு என்றுதான் சொன்னேன்.

ஏப்ரல் 4

கேங் முழுவதும் எங்கள் வீட்டு வளவுக்கு வந்தது. கூடைக் கதையை ஆர் சொல்வது? சொன்னால் கம்பனியை ஏமாற்றியதாக ஒப்புக்கொள்வதாகும், வேலை போகும் என்று முனாப் சொன்னான். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவன் சொன்னது சரி. எல்லாருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதோடு விட்டுவிடுவோம், எனக்கு இனி எதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன், இருமல் வந்துவிட்டது. அது முடிவதற்குள் அலியார் எழும்பிவிட்டான்.

"நான் சொல்றன். அவன்ட கூடையக் கவுத்து வச்சது நான்தானே."

அவ்வளவுதான். பிறகு தேத்தண்ணி குடித்தார்கள்.

ஏப்ரல் 12

கச்சேரியில் விசாரணை. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். ஓவர்சியர் முதலில் சொன்னார். நிறைந்த கூடை, கண்ணால் கண்டேன்.

அலியார் இரண்டு கூடையும் ஒரு சாக்குக் கரியும் கொண்டுவந்திருந்தான். அதிகாரி வேண்டாம் என்று சொல்வதற்குள் சின்னக் கூடையைப் பெரியதற்குள் கவிழ்த்து, கரியைப் பரப்பி, ஓவர்சியருக்கு முன்னால் வைத்தான். இது நிறைந்ததா, நிறையாததா என்று கேட்டான். ஓவர்சியர் பார்த்தார். நிறைந்தது என்றார். அலியார் அதைப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் பெண்ணிடம் தூக்கிக் கொடுத்தான். அவள் வாங்கினாள், திடுக்கிட்டு எல்லாரையும் பார்த்தாள், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே வைத்தாள். கச்சேரி நிலமெல்லாம் கரி.

அப்படியென்றால் இவருடைய பங்கை ஆர் சுமந்தது என்று அதிகாரி கேட்டார். நாங்கள் எல்லாரும் என்றான் அலியார். பின்னாலிருந்து முனாப் எழும்பினான். அவனை ஒருவரும் கூப்பிடவில்லை.

"எல்லாருமெண்டு சும்மா சொல்றார் ஐயா. முக்காவாசியும் அவருதான் சுமந்தது."

ஓவர்சியர் அலியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. நாளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்பதுபோல.

ஏப்ரல் 13

அலியாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முனாப்பை விட்டுவிட்டார்கள், ஒரே நாளில் இரண்டு பேரை நிறுத்தினால் கப்பல் நிற்குமாம்.

நான் கிண்ணியாவுக்குப் போகவேண்டும் என்று நின்றேன். துறைவரைக்கும் நடக்க ஏலவில்லை. அலியார்தான் இங்கே வந்தான், எனக்கு ஆறுதல் சொல்வதற்கு. மீன் யாவாரம் பார்க்கப் போகிறானாம். வெட்கமாக இருந்தது. சொன்னேன். விசர்க் கதை கதைக்காதே என்றான்.

மே 22

இரண்டாவது சோதனை. ஆனந்தராசாவின் கட்டளை, ஒருவரும் தொடக்கூடாது. ஆவி இல்லை, கொத்தமல்லி இல்லை, சந்தனம் இல்லை. பூரணம் சேட்டுக்குக் கஞ்சி போடவில்லை. ஆனால் தோய்த்திருந்தாள். அதை மட்டும் தடுக்க ஏலவில்லை.

அலியார், முனாப், இன்னும் நாலைந்து பேர் படியடியில் வரிசையாக நின்றார்கள். நான் ஏறத் தொடங்கினேன். கொஞ்சம் ஏறினதும் நின்று கைப்பிடியைப் பிடித்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அலியார் முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டான். ஆனந்தராசா அவன் சேட்டைப் பிடித்து இழுத்தார். அலியார் இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிழை விட்ட பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. படி திரும்புகிற வளைவில் போய்க் குந்தி இருந்துவிட்டேன். என் பெயரை மேலே கூப்பிட்டார்கள், திரும்பவும் கூப்பிட்டார்கள், வந்திருக்கிறேன் என்று சொல்ல மூச்சு இல்லை. கீழே இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுவும் உதவி ஆகிவிடுமோ என்று பயந்தார்களாம்.

டொக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தார். அதே டொக்டர். வளைவில் என்மேல் தடுக்கி விழப் பார்த்தார்.

"எங்கை போறீர்?"

மேலே கையைக் காட்டினேன். என்னைப் பார்த்தார். கீழே கை கட்டி நிற்கிற வரிசையைப் பார்த்தார். முந்தி எப்படி மேலே வந்தேன் என்று கேட்டார். அலியாரைக் காட்டினேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் இருந்து, குழாயை எடுத்து நெஞ்சில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"எப்பிடிச் சுகம்?" என்று கேட்டார்.

"ஏலாது, ஐயா," என்றேன்.

எழுதிக்கொண்டார். இறங்கும்போது கேங் என்னைக் கதிரையில் தூக்கியது. அதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்று ஆனந்தராசா சொன்னார்.

யூலை 3

கிடைத்துவிட்டது. முழு நட்டஈடு, மாதாமாதம். பூரணம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள், பிறகு குசினிக்குள் போய் அழுதாள். இம்முறை அடுப்பு மூட்டியிருந்தது.

எனக்குச் சந்தோஷம்தான். ஏலாதவன் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

செப்டெம்பர் 16

அலியார் மீன் யாவாரத்தை விட்டுவிட்டான். சைக்கிள் மிதிக்க ஏலவில்லை. எக்ஸ்றே எடுத்தார்கள். பார்த்தேன். தூசி படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம், என்னுடையதைவிட அவனுடையதில் கூட.

ஆனந்தராசா அவனுக்கும் கேட்டிருக்கிறார். கம்பனி இம்முறையும் பதில் வைத்திருக்கிறது. இவன் இரண்டு பேரின் பாரம் சுமந்தவன் என்று நீங்களே கச்சேரியில் நிரூபித்தீர்கள், அவ்வளவு பலசாலிக்கு என்ன வருத்தம் என்கிறார்கள். இரண்டு பேரின் பாரம் சுமந்தவன் இரண்டு பேரின் தூசியையும் குடித்தான் என்று ஆனந்தராசா பதில் கொடுத்தாராம்.

அடித்தட்டுக்கு என் முறையில் இறங்கினவன் அவன். அந்தத் தூசியில் பாதி என்ர பங்கு. எந்தப் பாதி என்று எந்த டொக்டராலை சொல்ல ஏலும்? அவனிட்டைச் சொன்னனான். "அப்ப என்ன, திருப்பித் தரப்போறியா?" எண்டு கேட்டான்.

நவம்பர் 20

அலியாரின் சோதனை இன்று. மழை. முனாப் மாட்டுவண்டி பிடித்து என்னையும் கொண்டுபோனான். டொக்டர் இன்னும் மேல்மாடியில்தான்.

என்னைப் படியடியில் அந்தப் பழைய கதிரையில் இருத்தினார்கள். றம்ஸியா அலியாரின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறப் போனாள். விடுங்கோ தங்கச்சி, நான் சொல்றதைக் கேளுங்கோ என்றேன். விட்டாள். என்னை அவள் பார்த்த பார்வையை எழுத ஏலாது.

அலியார் ஏறினான். நின்றான். ஏறினான். வளைவுக்குக் கொஞ்சம் கீழே கைப்பிடியில் சாய்ந்துகொண்டு திரும்பி, நேரே என்னைப் பார்த்தான். நான் கதிரையை விட்டு எழும்பி நின்று, இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் சுமந்ததில் இதுதான் கூடின பாரம். மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் ஏறினான்.

டொக்டர் வளைவுவரைக்கும் தானே இறங்கி வந்தார். கீழே நிற்கிற எங்கள் கைகளை முதலில் பார்த்தார், பிறகுதான் குழாயை எடுத்தார். முடிவு வரக் கொஞ்ச நாள் செல்லும். ஆனால் அவர் எழுதும்போது முகத்தைப் பார்த்த ஆனந்தராசா, இனி எங்கள் ஆட்களுக்குப் பயமில்லை என்றார்.

சோதனை முடிந்ததும் கதிரையை மேலே கொண்டுபோனார்கள். நானும் வளைவுவரைக்கும் ஏறினேன், நின்று நின்று. அங்கே போய்ச் சேர்ந்தபோது அலியாரை இருத்தி எனக்காகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முனாப் முன்பக்கம், இன்னொருவன் பின்பக்கம். கதிரையின் ஒரு காலை நான் பிடித்தேன். வேண்டாம் அண்ணை என்று முனாப் சொல்ல வாயெடுத்தான். அலியார் அவனைப் பார்த்தான். முனாப் குனிந்து தன் பக்கத்தைப் பிடித்தான்.

மெல்ல மெல்ல இறங்கினோம். என் கையில் பாரம் ஒன்றும் வரவில்லை. முனாப் எல்லாவற்றையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டான். எனக்கு அது தெரியும், அலியாருக்கும் தெரியும். படியடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு நானும் தூக்கினதாகத்தான் தெரிந்திருக்கும்.